பன்னிரண்டு அடுப்பின் புகை என் பேரில்

என் ஸ்கூட்டர் விடும் புகைக்கு மாதா மாதம் என் சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். பிடிப்பது அரசாங்கம் இல்லை, என் ஆபீஸ். உலகம் சூடாகிக்கொண்டே போகிறது, அரசு வரி போடும்வரை காத்திருக்க வேண்டாம், நமக்கு நாமே போட்டுக்கொள்வோம் என்று ஒரு மீட்டிங்கில் முடிவாயிற்று. அன்று கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. போன மழைக்கு எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. கோடையில் மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. யாராவது எதையாவது செய்தால் தேவலை என்றுதான் தட்டினேன். அந்த யாராவது நான்தான் என்பது சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகு தெரிந்தது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். எதில் வேலைக்கு வருகிறீர்கள், வீட்டில் எத்தனை ஏசி, மாதம் எவ்வளவு கேஸ், குளிக்க வெந்நீருக்கு என்ன வழி என்றெல்லாம் கேள்விகள். நான் அசட்டுத்தனமாக உண்மையை எழுதிவிட்டேன். என் மாமியாருக்கு மூட்டுவலி, வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டார். ஏசியும் அவர் அறையில்தான். வைத்தியரிடம் அவரை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போவதும் நான்தான். கடைசியில் எங்கள் ஆபீஸ் மாடியிலேயே அதிகப் புகை விடுபவள் நான் என்று கணக்கு வந்தது.

எங்கள் மேனேஜர் கப்பல் மாதிரி ஒரு காரில் வருகிறார். ஆனால் காரில் டிரைவரும் உட்கார்ந்திருப்பதால் அது இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் பயணமாம், பாதிப் புகைதான் அவர் கணக்கு. மீதிப் பாதி எங்கே போகிறது என்று கேட்டேன். “டிரைவர் ஒப்பந்த ஆள், நம்ம படிவத்தில் வரமாட்டார்” என்றார். அன்று குழம்ப ஆரம்பித்தவள் இன்னும் தெளியவில்லை.

அப்படிச் சேர்ந்த வரிப் பணத்தில் ஜவ்வாது மலையில் ஏதாவது ஓர் ஊருக்கு கேஸ் அடுப்பும் இரண்டு வருஷத்துக்கு சிலிண்டரும் கொடுப்பது என்று திட்டம் போட்டார்கள். அதற்கும் ஒரு படிவம். வீடு வீடாகப் போய், ஒரு நாளைக்கு எவ்வளவு விறகு எரிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். ஒரு கோடு கிழித்திருந்தார்கள். அதற்குக் கீழே எரிக்கும் வீட்டுக்கு அடுப்பு உண்டு, மேலே போனால் கிடையாது.

“அதிகமா விறகு எரிக்கிறவங்களுக்குத்தானே சார் அடுப்பு வேணும்?” என்றேன்.

“குறைவா புகை விட்டா பரிசு, அதிகமா விட்டா வரி. இதுதான் கொள்கை. இங்கே ஒண்ணு, மலையில ஒண்ணுன்னு வெச்சா குழப்பம் வரும்” என்றார் மேனேஜர்.

இந்த வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், ஆபீஸ் கோப்பில் என் சொந்த ஊர் ஒடுகத்தூர் என்று இருந்ததுதான். ஒடுகத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வேர்க்கடலை காயப்போடும்போது ஜவ்வாது மலை தெரியும். எனக்கும் மலைக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். சிங்கப்பூருக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். கண்ணெதிரே நின்ற மலைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. மேனேஜரிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது அவர் எனக்கென்று ஒரு தனித்தாளையும் நீட்டினார். பயணத்தில் என்னால் உண்டாகும் புகை முழுவதையும் அதில் எழுத வேண்டும். பஸ், ஜீப், சாப்பாடு, எதையும் விடக்கூடாது. அதற்கும் வரி உண்டு என்றார்.

முதல் நாள் திருப்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நடுவழியில் ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கிப் போய் ஆற அமர வடை சாப்பிட்டார்கள். என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நின்ற பஸ்ஸின் புகை யார் கணக்கு என்று தெரியாமல் கண்டக்டரிடம் போய், என்ஜினை அணைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆவாதும்மா. எறங்கி நீங்க தள்றீங்களா?” என்றார்.

நான் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திருப்பத்தூரில் பிரியாணி சாப்பிட்டேன். சென்னையில் பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி வைத்தால் சமாதானமாகிவிடுகிறோம். இங்கே கத்தரிக்காயைப் புளியில் வேகவைத்து எண்ணெய் மிதக்கக் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். விறகடுப்பில் தம் போட்ட பிரியாணி என்று வாசலிலேயே பெருமையாக எழுதி வைத்திருந்தார்கள். தனித்தாளை எடுத்து ‘பிரியாணி, ஒன்று’ என்று எழுதினேன். எவ்வளவு விறகு என்று தெரியவில்லை. ஓர் அண்டாவில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சர்வரைக் கேட்டதற்கு, “இன்னா மேடம், ஓட்டல் வைக்கப் போறீங்களா?” என்றார்.

மறுநாள் காலை நெல்லிவாசல்நாட்டுக்குப் போகும் ஷேர் ஜீப்பில் ஏறினேன். ஓட்டுபவர் பெயர் தாமோதரன். மலையடிவாரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். என் ஒடுகத்தூர்ப் பேச்சைக் கேட்டதும் முன் சீட்டில் இடம் கொடுத்தார். அந்த முன் சீட்டில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். பின்னால் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். பதினேழுக்கு மேல் எண்ண முடியாமல் யாரோ ஒரு மூட்டையைத் தூக்கி வைத்து மறைத்துவிட்டார்கள். மேலே கூரையில் நான்கு பேர், ஓர் ஆடு.

ஜீப் கிளம்பியதும் பின்னால் கறுப்பாக ஒரு புகை எழுந்தது. பஸ் ஸ்டாண்டு பாதி மறைந்துபோனது. எனக்குப் பகீர் என்றது. ஆனால் படிவப்படி தலைக்கு வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் இந்த ஜீப்பில் ஒருவர் விடும் புகை, மேனேஜர் காரில் ஒருவர் விடுவதில் ஒரு துளிகூட வராது. அப்படியானால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

“மொத்தம் எத்தனை பேருங்க இருக்காங்க?” என்று தாமோதரனைக் கேட்டேன்.

“எதுக்கு மேடம்? ஆர்டிஓ ஆபீஸா?”

இல்லை, புகைக் கணக்கு என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்போ ஆட்டையும் சேத்துக்கோங்க. அதுக்கும் டிக்கெட் வாங்கியிருக்கேன்” என்றார். ஜீப்பே சிரித்தது. நான் ஆட்டைச் சேர்க்கவில்லை. பிறகு சேர்த்திருக்கலாமோ என்று தோன்றியது.

ஏற்றம் ஆரம்பித்தது. ஒரு வளைவில் ஜீப் நின்றதும் யாரும் சொல்லாமலே எல்லாரும் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். ஏதோ பழுது என்று நினைத்து நானும் பதறி இறங்கினேன். பழுதெல்லாம் இல்லை. செங்குத்தான வளைவுகளில் ஆட்கள் நடந்துவிடுவதுதான் இந்த ஜீப்பின் வழக்கமாம். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள், ஆடும். மூன்று இடத்தில் இறங்கி ஏறினோம். மூன்றாவது ஏற்றத்தில் எனக்கு மூச்சு இரைத்தது. பக்கத்தில் தலையில் அரிசி மூட்டையோடு நடந்த பெண், “மெட்ராஸ்ல ஏத்தமே இல்லியாக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் லிஃப்ட்டும் இருக்கிறது என்றேன்.

நான் போன ஊரில் பன்னிரண்டே வீடுகள். சுற்றிலும் சாமையும் கொள்ளும் விதைத்த மேட்டு நிலம், அதற்கப்பால் காடு. காற்று சுத்தமாக இருந்தது. புகை அளக்க வந்தவளுக்கு அது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. தாமோதரன் என்னை இறக்கிவிட்டு, நாளை மறுநாள் காலையில்தான் திரும்ப வருவேன் என்றார். நடுவில் வேறு வண்டி கிடையாது. தங்குவதற்குப் பொன்னம்மாள் வீட்டைக் காட்டிவிட்டுப் போனார்.

பொன்னம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தனியாக இருக்கிறார். கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார், அறுவடை முடிந்துதான் வருவார். ஒரே மகளை அடிவாரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார். பேசும்போது நான்கு வார்த்தைக்கு ஒருமுறை இருமினார். அது சளி இருமல் இல்லை. நெஞ்சின் அடியிலிருந்து கரண்டியால் சுரண்டுவது போன்ற இருமல். ஆஸ்பத்திரியில் டாக்டர், அடுப்புப் புகையில் உட்காராதே என்று சொல்லி அனுப்பினாராம். “அடுப்புல உக்காராத எங்க உக்கார்றது?” என்று அவர் என்னைக் கேட்டார். இவருக்கு எப்படியாவது அந்த கேஸ் அடுப்பு கிடைத்துவிட வேண்டும் என்று அந்த நிமிஷமே நினைத்துக்கொண்டேன்.

மத்தியானமே வேலையை ஆரம்பித்தேன். முதல் வீட்டுக்காரரிடம், ஒரு நாளைக்கு எவ்வளவு விறகு எரிப்பீர்கள் என்று கேட்டேன். கிலோ கணக்கு அங்கே செல்லாது, தலைச்சுமைதான் கணக்கு.

“ஒரு சொம ஆவும்” என்றார்.

நல்ல காலம், கோட்டுக்குச் சற்றுக் கீழே. எழுதிக்கொண்டேன். அதற்குள் அடுத்த வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்டேன். “எங்க வூட்ல ஒன்ற சொம” என்றார். அடுத்த வீட்டில் இரண்டு. அதற்கடுத்த வீட்டு வாசலில் நிற்கும்போது, முதலில் ஒன்று சொன்னவரின் மனைவி பின்னாலேயே ஓடி வந்து, “அவுருக்கு இன்னா தெரியும்? எங்க வூட்டுக்கு ரெண்ட்ரன்னு போடும்மா” என்று திருத்தச் சொன்னார். ஊரே என் பின்னால் நடந்து வந்தது. வீட்டுக்கு வீடு சுமை ஏறிக்கொண்டே போனது. கடைசியாகப் பொன்னம்மாளிடம் வந்தேன். தனி ஆள், அரைச் சுமைகூட ஆகாது என்ற தைரியத்தில் கேட்டேன்.

“நாலு” என்றார்.

“ஒரு நாளைக்கா?”

“ஒரு நாளைக்குத்தான். காத்தால பத்த வெச்சா பொழுதுபோற வரைக்கும் எரியும்” என்று தலையை நிமிர்த்திச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு இருமினார்.

கணக்குப்படி பன்னிரண்டு வீடும் கோட்டுக்கு மேலே. ஒருவருக்கும் அடுப்பு கிடையாது. சென்னையில் இருக்கும் எங்கள் மாடி முழுவதும் சேர்ந்தாலும் இந்தப் பன்னிரண்டு வீட்டுப் புகைக்கு ஈடாகாது என்று படிவம் சொன்னது. எதிரே காடு பச்சைப் பசேல் என்று நின்றது. ஒரு நாளைக்கு நான்கு சுமை வெட்டினால் இந்தக் காடு எப்படி இருக்கும்?

சாயங்காலம் பொன்னம்மாள் எனக்காகக் கோழி அடித்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. சாமைச் சோறு, கோழிக் குழம்பு, குளிக்க ஓர் அண்டா வெந்நீர். கதவுக்கு மேல் புகை திரண்டு போனது. உள்ளே அவர் இருமிக்கொண்டே ஊதினார். நான் ஊதுகிறேன் என்று போய் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷத்தில் கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே ஓடி வந்தேன். அவர் சிரித்தார். குழம்பின் ருசியைச் சொல்ல எனக்குத் தெரியாது. மூன்று முறை போட்டுக்கொண்டேன். குற்ற உணர்ச்சியோடுதான் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை டீ கிடைக்குமா என்று சமையல் பக்கம் எட்டிப் பார்த்தேன். அடுப்பு சில்லென்று இருந்தது. பொன்னம்மாள் கொல்லையில் உட்கார்ந்து, முந்தின நாள் களியைத் தண்ணீரில் கரைத்துப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பாவைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, “தோ, பத்த வெக்கிறேன்” என்று எழுந்தார். நான் வேண்டாம் என்று தடுத்துவிட்டு ஊருக்குள் நடந்தேன். ஒரு வீட்டிலும் புகை இல்லை. தண்ணீர் கேட்கிற சாக்கில் நான்கு வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன், நான்கு அடுப்பும் குளிர்ந்து கிடந்தன. சாயங்காலம் ஒரு வேளைதான் இந்த ஊரில் உலை வைக்கிறார்கள் போலிருக்கிறது.

தாமோதரனின் போன் எண் இருந்தது. ஒரு பாறை மேல் ஏறினால் சிக்னல் வரும் என்றார்கள். ஏறிக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

“மேடம், இந்த மலைல சம்பந்தம் பேச வர்றவங்க வூட்டப் பாக்க மாட்டாங்க, கொல்லையில விறகு எத்தினி கீதுன்னுதான் பாப்பாங்க. அடுப்பு எரியற வூடா, ஆக்கிப் போடற வூடான்னு அதுலதான் தெரியும். நீங்க பாட்டுக்கு ஊர் நடுவுல நின்னு, உன் வூட்ல எவ்ளோ எரியும்னு கேட்டா, எவன் கம்மியா சொல்வான்? ஒருத்தன் ஒண்ணுன்னா இன்னொருத்தன் ரெண்டுதான் சொல்வான்.”

“பொன்னம்மா நாலு சொன்னாங்களே?”

“ஊர்லயே ரொம்ப இல்லாத வூடு அதான் மேடம். அதான் நாலு.”

எங்கள் ஆபீஸில் எல்லாரும் புகையைக் குறைத்து எழுதினார்கள். ஏசியை எழுதாமல் விட்டவர் உண்டு, இரண்டாவது காரை மச்சான் பேரில் எழுதியவர் உண்டு. இங்கே ஒன்றும் இல்லாதவர்கள் கூட்டி எழுதச் சொல்கிறார்கள். இரண்டு பொய்யையும் ஒரே படிவம் உண்மை என்று வாங்கிக்கொள்கிறது. அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை.

இறங்கி வந்து பொன்னம்மாளிடம் பக்குவமாக ஆரம்பித்தேன். விறகு குறைவாக இருந்தால்தான் கேஸ் அடுப்பு தருவார்கள், நாலு என்பதைக் கால் என்று மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் முகம் மாறிப்போனது.

“எங்க வூட்ல அடுப்பே எரியலன்னு மெட்ராஸுக்கு எழுதி அனுப்புவியா?”

“அப்படி இல்லம்மா. அடுப்பு கிடைக்கும். உங்க இருமல் குறையும்.”

“இருமுனா இருமிட்டுப் போறேன். நேத்து நீ துன்னியே, அது எங்க வெந்துச்சு? வெயில்லயா? எங்க வூட்டுக்காரு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? உன் அடுப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். போம்மா.”

அதற்கு மேல் பேச முடியாமல் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். முதுகைத் தடவிக்கொடுத்தேன். தோள் எலும்பு கையில் இடித்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை. நான்கு கட்டம் போட்ட அந்தத் தாளின் மேல், கை தட்டிய என் மேல்.

தண்ணீர் குடித்துவிட்டு அவர் உட்கார்ந்தார். நேற்று துன்னியே என்று அவர் கேட்டது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பையைத் திறந்து தனித்தாளை எடுத்தேன். பயணத்தில் என்னால் உண்டான புகை. பஸ் இருந்தது, பிரியாணி இருந்தது, ஆடு இல்லாத ஜீப் இருந்தது. கோழிக் குழம்பை எழுதவே இல்லை.

“நேத்து எரிச்ச விறகு யாருக்காகம்மா?” என்று கேட்டேன்.

“யாருக்கு? உனக்குத்தான். எனக்கு மட்டும்னா கோழி அடிப்பனா?”

“அப்ப அது என் கணக்கு. உங்க கணக்கு இல்ல. விருந்தாளிக்கு எரிச்சதுன்னு என் தாள்ல எழுதிக்கிறேன்.”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “விருந்தாளிக்கு எரிச்சதுன்னே எழுதுவியா?”

“அப்படியே எழுதுறேன்.”

“எத்தினி?”

“எத்தனை எழுதட்டும்?”

“நாலையும் எழுது” என்றார். “எனக்குன்னு இன்னா ஆவப்போவுது? ரெண்டு குச்சி.”

எழுதிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எங்கே எழுதினேன் என்று விரல் வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார். முகம் தெளிந்துவிட்டது. எழுந்து போய், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம் சத்தமாகச் சொன்னார்: “எங்க வூட்டு விறகு பூரா வந்த ஒறவுக்கே சரியாப் போச்சாம். எழுதிக்கிச்சு.”

அதோடு என் பாடு திண்டாட்டமாயிற்று. அரை மணி நேரத்தில் முதல் வீட்டுக்காரரின் மனைவி வந்து நின்றார். அவர் வீட்டு விறகையும் என் பேரில் எழுத வேண்டுமாம். உங்கள் வீட்டில் நான் சாப்பிடவில்லையே, எப்படி எழுதுவது என்றேன். அது நியாயம் என்று ஒப்புக்கொண்டு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பொய்க் கணக்கு எழுதச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, சாப்பாடு போட மனசு வந்தது. அங்கே கேழ்வரகுக் களியும் கொள்ளு ரசமும். அடுத்த வீட்டில் களியும் கீரைக் கடைசலும். அதற்கடுத்த வீட்டில் களி, தொட்டுக்கொள்ளப் புளித் துவையல். ஐந்தாவது வீட்டில் ஓர் உருண்டையைப் பாதியாக்கக் கெஞ்சினேன். எட்டாவது வீட்டில் டீயோடு விட்டார்கள். அந்த வீட்டுக்காரரை நான் மறக்க மாட்டேன். ஒன்பதாவது வீட்டில் பலாக்கொட்டையைச் சுட்டுக் கொடுத்தார்கள். காலையில் புகையே இல்லாத ஊரில் அன்று மத்தியானம் பன்னிரண்டு கூரையிலும் புகை எழுந்தது. புகையைக் குறைக்கவென்று ஆபீஸ் அனுப்பிய ஆள் வந்து செய்த வேலை இது.

நான்காம் நாள் காலை ஜீப் வந்தது. இறக்கத்தில் யாரும் இறங்கி நடக்க வேண்டியதில்லை. நான்தான் கொஞ்சம் நடந்தால் தேவலை என்று நினைத்தேன். பொன்னம்மாள் ஒரு பையில் சாமை அரிசி கொடுத்துவிட்டு, “மறுபடி வருவியா?” என்று கேட்டார். வருகிறேன் என்றேன். எல்லாரும் சொல்வது போலத்தான் சொன்னேன்.

ஆபீஸில் மேனேஜர் முதலில் ஊர்ப் படிவங்களைப் பார்த்தார். பன்னிரண்டு வீடும் கோட்டுக்குக் கீழே. பிரமாதம், முன்மாதிரி கிராமம் என்றார். பிறகு என் தனித்தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இத்தனை சுமை விறகு... நீங்க ஒரு ஆளா?”

“ஆமா சார்.”

“என்ன பண்ணீங்க?”

“சாப்பிட்டேன் சார்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் கட்டங்கள் சரியாக நிரம்பியிருந்தன, கூட்டல் சரியாக இருந்தது, வரி கட்ட ஆளும் எதிரே உட்கார்ந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆபீஸ் வரலாற்றில் இதுவரை யாரும் கட்டாத புகை வரியை நான் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் மாமியாரிடம் சொன்னேன். “அத்தனை களியையும் நீ தின்னது நிஜம்தானே, கட்டு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்தக் கணக்கில் நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. வரியே கூடாது என்பவள் அல்ல நான். புகை விடுகிறவர் கட்டத்தான் வேண்டும். ஆனால் எது யார் புகை என்பதில்தான் தடுமாறுகிறேன். என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் மாமியார் உட்காரும்போது அது என் புகையா, அவர் மூட்டுவலியின் புகையா? மேனேஜரின் டிரைவர், பாதிப் புகையைச் சுமந்துகொண்டு, வேலை முடிந்ததும் ஷேர் ஆட்டோவில்தான் வீட்டுக்குப் போகிறார்.

போன வாரம் தாமோதரன் போன் செய்தார். அடுப்புகள் வந்துவிட்டனவாம். பன்னிரண்டு அடுப்பையும் சிலிண்டரையும் அவர் ஜீப்தான் ஏற்றிப் போனதாம். “வண்டி விட்ட புகைல பின்னாடி வந்தவனுக்கு ரோடே தெரியல மேடம்” என்று சிரித்தார்.

“பொன்னம்மா எப்படி இருக்காங்க? இருமல் குறைஞ்சுதா?”

“எங்க கொறையும்? அந்த அடுப்பத் தொடைச்சு, பழைய பொடவை சுத்தி, பரண் மேல வெச்சுக்கீது. ஏம்மா பத்த வெக்கலன்னு கேட்டேன். ‘அது விருந்தாளிக் கணக்குல வந்த அடுப்பு. விருந்தாளி வந்தாத்தான் பத்த வெக்கணும், எனக்கு மட்டும் பத்த வெச்சா அந்தப் பொண்ணு எழுதுனது பொய்யாப் பூடும்’னுது.”

“நீங்க மலைக்குப் போறப்பல்லாம் அங்க ஒரு டீ குடிங்களேன்” என்றேன்.

“போறப்பல்லாம் குடிக்கத்தான் குடிக்கிறேன் மேடம். நான் வண்டிக்காரன், விருந்தாளி இல்லியாம். எனக்கு விறகடுப்புலதான் டீ.”

நேற்று மேனேஜரிடம் போய், மறுபடி மலைக்குப் போக வேண்டும் என்றேன். அவர் கொஞ்சம் பயந்த மாதிரி தெரிந்தது. தனித்தாளை எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை அதில் ஒரு புதுக் கட்டம் சேர்த்திருக்கிறார்கள்: இந்தப் பயணம் அவசியமா, இதனால் எவ்வளவு புகை குறையும்? பஸ் ஒன்று, ஜீப் ஒன்று, திரும்பி வர இன்னும் இரண்டு, நடுவில் பிரியாணியும் இருக்கும். எப்படிக் கூட்டினாலும் புகை ஏறத்தான் செய்கிறது. எதிர்ப் பக்கத்தில் வைக்க என்னிடம் இருப்பது, ஒரு சமையலறையில் ஒரு சாயங்காலம் புகை இருக்காது என்பது மட்டும்தான். அதை எழுதக் கட்டம் இல்லை.

‘அவசியம்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்கு நாளுக்கு லீவு சொல்லிவிட்டு, வரும் வழியில் கால் கிலோ டீத்தூள் வாங்கிக்கொண்டேன்.